டிரிப்ஸ் போடாம ஸ்பூன்ல எதுக்கு ஊத்துறாங்க?

(எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேச்சுல வந்த இழுவைகளையும் ரிபீட்டையும் எடுத்திருக்கோம். மத்தபடி பேசினது பேசின மாதிரியே இருக்கு.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல ஒண்ணு என்னை ரொம்ப யோசிக்க வச்சது. கேட்டவங்க ஒரு வயசுக் குழந்தையோட அம்மா. குழந்தைக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது, வாந்தியும் இருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. அங்க ஊசி இல்ல, டிரிப்ஸ் இல்ல. நர்ஸ் ஒரு டம்ளர்ல ஓஆர்எஸ் கலந்து, கையில ஸ்பூனைக் குடுத்து, "ஊட்டுங்கம்மா, நாலு மணி நேரம் கழிச்சுப் பார்க்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். கேள்வி இதுதான்: "இதை நான் வீட்டிலேயே பண்ணியிருப்பேனே, என் குழந்தையை அவங்க சீரியஸா எடுத்துக்கலையா?"

நியாயமான கோபம். நம்ம ஊர்ல டிரிப்ஸ்னா ட்ரீட்மென்ட், ஸ்பூன்னா சும்மா. ஆனா அந்த நர்ஸ் குழந்தையை சீரியஸா எடுத்துக்கிட்டதாலதான் ஸ்பூனைக் குடுத்திருக்காங்க. அது ஏன்னு புரியறதுக்கு இந்த எபிசோடு முழுக்க வேணும்.

வழக்கம்போல ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, கோடு எழுதறவன். இதுக்காக நிறைய படிச்சேன், குழந்தைகள் வார்டுல பல வருஷம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அக்காகிட்டயும் பேசினேன். பேர் சொல்ல வேண்டாம்னுட்டாங்க. இங்க வர்ற அளவெல்லாம் உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டியில இருக்கறது. உங்க குழந்தைக்கு என்னங்கறதை நேர்ல பார்த்த டாக்டரும் நர்ஸும்தான் சொல்லணும்.

10 கிலோ கணக்கு

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ ஆளான எனக்கு உடம்பு எடையில 10 சதவீதம் தண்ணி போச்சுன்னா அது 6 லிட்டர். அவ்ளோ போறதுக்குள்ள நான் நாலு பாட்டில் தண்ணி குடிச்சிருப்பேன், ரெண்டு பேருக்கு ஃபோன் பண்ணியிருப்பேன். 10 கிலோ குழந்தைக்கு அதே 10 சதவீதம்னா 1 லிட்டர். ஒரே ஒரு வாட்டர் பாட்டில். நிக்காம வாந்தியும் பேதியும் போனா ஒரு நாளைக்குள்ள அந்த அளவு காலியாகலாம். அந்தக் குழந்தையால எழுந்து போய் தண்ணி எடுத்துக் குடிக்கவும் முடியாது, தாகம்னு சொல்லவும் தெரியாது.

வயித்துப்போக்குல குழந்தைங்க சாகறது பெரும்பாலும் கிருமியால நேரா இல்ல. தண்ணியும் உப்பும் போறதாலதான். உலகத்துல வருஷத்துக்கு 5 வயசுக்குக் கீழ இருக்கற சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைங்க இதுல இறக்கறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 20, 30 ரூபாய்க்குள்ள மருந்துக்கடையில கிடைக்கற, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே குடுக்கற ஒரு பாக்கெட் இருக்கும்போது இந்த நம்பர். மருந்து இல்லாததால வர்ற சாவு இதுல கொஞ்சம்தான்னு நினைக்கறேன். சரியா, சரியான வேகத்துல, சரியான நேரத்துல குடுக்கப்படாததால வர்றதுதான் அதிகம்.

அந்தப் பாக்கெட்ல என்ன இருக்கு

இப்போ இருக்கற ஃபார்முலா 2002ல வந்தது. 1 லிட்டர் தண்ணிக்கு சாதா உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். அவ்வளவுதான்.

குளுக்கோஸ் தெம்புக்காகன்னுதான் நாம நினைக்கறோம். இல்ல. சிறுகுடல் சுவர்ல ஒரு கதவு மாதிரி புரோட்டீன் இருக்கு. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தாத்தான் அது திறக்கும். ரெண்டும் உள்ள போச்சுன்னா தண்ணியும் பின்னாடியே போயிடும். காலரா மாதிரி குடலையே புரட்டிப் போடற நோய்லகூட இந்தக் கதவு வேலை செய்யுது. ஒரு பக்கம் தண்ணி கொட்டிக்கிட்டே இருந்தாலும், இன்னொரு பக்கம் நாம உள்ள ஏத்திக்கிட்டே இருக்கலாம். இதனாலதான் ஓஆர்எஸ் குடுத்த உடனே பேதி நிக்காது. நிறுத்தறது அதோட வேலையே இல்ல. "ஓஆர்எஸ் குடுத்தேன், கேக்கல"ன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. உடம்புல தண்ணி குறையாம பார்த்துக்கறதுக்குத்தான் அது.

சோடியமும் குளுக்கோஸும் அளவு தப்பினா விஷயமே தலைகீழ். சர்க்கரை கூடிப்போனா, உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள்ளயே நின்னு உடம்புல இருக்கற தண்ணியையும் வெளிய இழுக்கும். பேதி இன்னும் கூடும். கோலா, பாட்டில் ஜூஸ்ல சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் பக்கத்துல இருக்கும், சோடியம் பேருக்குத்தான். 13.5 எங்க, 100 எங்க? குளுக்கோஸ் பவுடரும் அப்படித்தான். அதுல குளுக்கோஸ் மட்டும் இருக்கு, ஜோடி இல்ல.

இங்க நம்ம நாட்டோட ஒரு கதை இருக்கு. டெட்ரா பாக்கெட்ல, பேர்லேயே ஓஆர்எஸ்னு போட்ட இனிப்பு பானங்கள் மருந்துக்கடை ஷெல்ஃப்ல வருஷக்கணக்கா இருந்துச்சு. ஃபார்முலா வேற, சர்க்கரை பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருஷம் போராடினாங்க. 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ, உணவுப் பொருள் எதோட பேர்லயும் ஓஆர்எஸ்ங்கற சொல் வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. இருந்தாலும் கடையில வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாருங்க. 1 லிட்டருக்கா, 200 மில்லிக்கான்னும் பாருங்க, ரெண்டு சைஸும் விக்குது. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கொட்டினா அது உப்புக் கரைசல், மூளைக்கே ஆபத்து. "பாதி பாக்கெட் போட்டு அரை லிட்டர்"ங்கறதும் வேண்டாம், கண்ணளவு எப்பவும் சரியா வராது. கொதிச்சு ஆறின தண்ணியில முழுப் பாக்கெட்டையும் போடணும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாது. பால் சேர்க்கக்கூடாது, கூட சர்க்கரை போடக்கூடாது, கலந்த பிறகு கொதிக்க வைக்கக்கூடாது.

ஸ்பூன் ஏன்?

இப்போ நர்ஸோட வேலைக்கு வரேன். ஓஆர்எஸ்ஸை எல்லாரும் மருந்துன்னு பார்க்கறோம். நர்ஸ் அக்கா பேசப் பேச எனக்குப் புரிஞ்சது, அவங்க அதை ஒரு வேகமாத்தான் பார்க்கறாங்கன்னு.

ஓரளவு நீர்ச்சத்து குறைஞ்ச குழந்தைக்கு ஆஸ்பத்திரியில செய்யறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஒரு கிலோ எடைக்கு 75 மில்லி, 4 மணி நேரத்துல. 10 கிலோன்னா 750 மில்லி. 240 நிமிஷத்துக்குப் பிரிச்சா நிமிஷத்துக்கு 3 மில்லிக்குக் கொஞ்சம் மேல. டீஸ்பூன் 5 மில்லி. அப்போ ஒன்றரை நிமிஷத்துக்குச் சொச்சம் ஒரு ஸ்பூன். மொத்தம் 150 ஸ்பூன். பஸ்ல போறப்போ நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து ஆடிப்போயிட்டேன். அந்த அம்மாவுக்கு நர்ஸ் குடுத்துட்டுப் போனது, நாலு மணி நேரத்துக்கு இந்த 150 ஸ்பூன். இதையே டிரிப்ஸ் செட் பண்ணினா நாம "அப்பாடா"ன்னு உட்கார்ந்திருப்போம்.

டம்ளரோட ஏன் குடுக்கக்கூடாது? தாகத்துல குழந்தை மடக் மடக்னு குடிக்கும். ஏற்கெனவே புண்ணான வயிறு ஒரேயடியா 100 மில்லி வந்தா தள்ளிடும். குடிச்சதும் போச்சு, வயித்துல இருந்ததும் போச்சு. நம்ம பாஷையில சொன்னா சர்வர் கிராஷ் ஆகுது, ட்ராஃபிக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். வாந்தி எடுத்துட்டா 10 நிமிஷம் நிறுத்திட்டு, திரும்ப இன்னும் மெதுவா, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு தொடரணும். "வாந்தி எடுக்குது, அதனால குடுக்கல"ங்கறதுதான் வீட்டுல நடக்கற பெரிய தப்பு. நர்ஸ் அக்கா சொன்னது, "கக்கினதை மட்டும் பாக்காதீங்க தம்பி, உள்ள எவ்ளோ நின்னுச்சுன்னு பாருங்க." வாந்தி எடுத்தாலும் பெரும்பாலும் ஒரு பகுதி உள்ள நிக்கும்.

சரி, டிரிப்ஸ் நல்லதுதானே? தேவைப்படற குழந்தைக்கு நிச்சயமா உயிர் காக்கும், அதுக்கு அப்புறம் வரேன். ஆனா ஓரளவுதான் நீர்ச்சத்து குறைஞ்சிருக்குன்னா வாய் வழியா குடுக்கறதும் டிரிப்ஸும் கிட்டத்தட்ட ஒரே பலன். காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்றது, வாய் வழியா குடுத்த 25 குழந்தைகள்ல ஒருத்தருக்கு அது பத்தாம டிரிப்ஸுக்கு மாற வேண்டியிருக்கும்னு. 24 பேருக்கு ஊசி குத்தாமலேயே வேலை முடியுது. வத்திப்போன குழந்தையோட நரம்பு கண்ணுக்கே தெரியாது. அதைத் தேடி மூணு நாலு இடத்துல குத்தி, குழந்தை அழுது, ஊசி நரம்பை விட்டு நழுவி கை வீங்கி, வேகம் கூடிப்போனா நுரையீரல்லயும் தண்ணி சேரலாம். குடல் தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கும். டிரிப்ஸ் அப்படி இல்ல, நாம திறந்துவிட்டதெல்லாம் ரத்தத்துக்குள்ள போகும்.

அழாத குழந்தை

நர்ஸ் அக்கா பேச்சுல என்னைப் பயமுறுத்தின இடம் இது. ஒரே வார்டுல ரெண்டு குழந்தை. ஒண்ணு கத்திக்கிட்டு, டம்ளரைப் பார்த்தாலே பாய்ஞ்சு வருது. இன்னொண்ணு அம்மா மடியில அமைதியா கண்ணை மூடிட்டு இருக்கு. நாம முதல் குழந்தையைப் பார்த்து "ஐயோ பாவம்"போம், ரெண்டாவதைப் பார்த்து "பரவால்ல, தூங்குது"போம். நர்ஸ் முதல்ல ஓடறது ரெண்டாவது குழந்தைகிட்ட.

அவங்க பார்க்கறது நாலே விஷயம்: குழந்தையோட நடத்தை, கண், குடிக்கற விதம், தோல். எரிச்சலா இருக்கு, கண் குழிஞ்சிருக்கு, ஆவலா குடிக்குது, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவா போகுது. இதுல ரெண்டாவது இருந்தா ஓரளவு நீர்ச்சத்துக் குறைவு. ஸ்பூன் கேஸ். மந்தமா இருக்கு, கூப்பிட்டா திரும்பல, கண் குழிஞ்சிருக்கு, குடிக்க முடியல இல்ல சரியா குடிக்கல, கிள்ளின தோல் அப்படியே நின்னு 2 செகண்டுக்கு மேல கழிச்சுத்தான் போகுது. இதுல ரெண்டாவது இருந்தா அது கடுமை. உடனே டிரிப்ஸ், காலம் கடத்தவே கூடாது. அப்போ கணக்கே வேற. கிலோவுக்கு 100 மில்லி. ஒரு வயசுக்குக் கீழன்னா முதல் 30 மில்லி 1 மணி நேரத்துல, மீதி 70 மில்லி 5 மணி நேரத்துல. பெரிய குழந்தைன்னா அரை மணி நேரம், அப்புறம் ரெண்டரை மணி நேரம்.

"ஆவலா குடிக்குது"ங்கறது ஒரு எச்சரிக்கைக் குறி. வீட்டுல அதைப் பார்த்து, தெளிஞ்சுடுச்சுன்னு சந்தோஷப்படுவோம். அதுக்கு அடுத்த படிதான் குடிக்க மாட்டேன்னு சுருண்டுக்கறது. அதையும் "தூக்கம் வந்துடுச்சு"ன்னு விட்டுடுவோம். ஆபத்தான குழந்தை அமைதியா இருக்கும்ங்கறது நம்ம உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. இதை ஒரு தடவை காதால கேட்டுட்டா மறக்காதுன்னு நம்பறேன்.

தோலைக் கிள்ளற இடமும் முக்கியம்: தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவுல. கையில கிள்ளினா சரியா தெரியாது. ரொம்ப மெலிஞ்ச குழந்தைக்கும் ரொம்பக் குண்டான குழந்தைக்கும் இது ஏமாத்தும். மெலிஞ்ச குழந்தைக்கு குடுக்கற திரவமே வேற. அதை வீட்டுல முயற்சி பண்ணவே வேண்டாம். பச்சைக் குழந்தைன்னா உச்சிக்குழியையும் தொட்டுப் பார்ப்பாங்க. நம்ம பாட்டிங்க "உச்சி குழி விழுந்துருச்சு"ன்னு சொல்றதுல உண்மை இருக்கு. அது தண்ணி குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். உடனே ஆஸ்பத்திரி. உச்சியில எதையாவது தடவினா அது ஏறாது.

நோட்டு

நர்ஸ் ஸ்டேஷன்ல ஒரு சார்ட் இருக்கும். உள்ள போனது, வெளிய வந்தது. எத்தனை மில்லி குடிச்சது, எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை மலம், நிறம், ரத்தம் இருக்கா. டயப்பரைத் தராசுல வச்சுப் பார்ப்பாங்க. காய்ஞ்ச டயப்பரோட எடையைக் கழிச்சா வர்ற கிராம்தான் மில்லி. 1 கிராம் 1 மில்லின்னு எடுத்துக்கலாம். மலமும் மூத்திரமும் கலந்துட்டா பிரிச்சுச் சொல்றது கஷ்டம். அதனால மூத்திரம் எப்போ போச்சுங்கறதை அம்மாகிட்ட தனியா கேட்பாங்க. சில அம்மாக்களுக்கு அதுல சலிப்பு வரும்: "ஒரே கேள்வியை எத்தனை தடவைதான் கேப்பீங்க?" ஆனா நர்ஸுக்குப் பதில்ல ஒரு மணி நேரம் கூடுதா குறையுதாங்கறதுதான் விஷயம். நாலு மணி நேரம் முடிஞ்சதும் அந்த நாலு அறிகுறியையும் திரும்பப் பார்ப்பாங்க, எடையும் பார்ப்பாங்க. அதே தராசு, அதே உடை, இல்லன்னா உடையே இல்லாம. கண் இமை வீங்கினா தண்ணி கூடிப்போச்சு. ஓஆர்எஸ்ஸை நிறுத்திட்டு தாய்ப்பாலும் சாதா தண்ணியும் போதும்னு மாத்துவாங்க. "இவ்ளோதானா, ஒரு ஸ்பூன் குடுத்துட்டுப் போயிட்டாங்க"ன்னு நாம நினைக்கறப்போ நடந்துக்கிட்டிருக்கறது இதுதான்.

மேல சொல்லாத ஒரு வேலையும் இருக்கு. அடிக்கடி போற குழந்தைக்கு அடிப்பகுதி சிவந்து தோல் உரிஞ்சிடும். அழுகையில பாதி அந்த எரிச்சல்தான், வயித்து வலி மட்டும் இல்ல. வாசனை வைப்ஸ் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணியும் பஞ்சும் போதும். தேய்க்காம ஒத்தி எடுத்து, கொஞ்ச நேரம் காத்தாட விட்டு, துத்தநாக ஆக்சைடு க்ரீமைத் தடிமனாப் பூசணும். பவுடர் போடாதீங்க, தூள் மூச்சுல போகும். ஒவ்வொரு டயப்பருக்கும் முன்னாடியும் பின்னாடியும் சோப் போட்டுக் கை கழுவறதை நர்ஸ் விடவே மாட்டாங்க. ரோட்டாவைரஸ் அந்தக் கையிலதான் பக்கத்துக் கட்டிலுக்குப் போகுது.

இதை யாரு நிரூபிச்சாங்க

கொஞ்சம் வரலாறு. 1968ல டாக்காவுல டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு டாக்டர்கள், காலரா நோயாளிகளுக்கு குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணியை வாய் வழியா குடுத்தா டிரிப்ஸ் தேவை பெருமளவு குறையுதுன்னு காட்டினாங்க. மருத்துவ உலகம் தயங்கிச்சு. ஆஸ்பத்திரியில நிபுணர்கள் பண்ணினா சரி, வெளிய நடக்குமான்னு சந்தேகம்.

1971ல வங்கதேசப் போர். கிழக்கு பாகிஸ்தான்ல இருந்து அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள்ள வந்துக்கிட்டே இருந்தாங்க. எல்லையில பன்கான்ங்கற ஊர்ல, முகாம் ஆஸ்பத்திரியில காலரா. டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துட்டிருக்கு, நர்ஸ்ங்க போதல. கொல்கத்தாவுல இருந்து வந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா பொடியைப் பாக்கெட் போட்டு, டிரம்ல கலந்து, ஒட்டிக்கிட்டு வந்த சொந்தக்காரங்ககிட்டயே டம்ளரைக் குடுத்துட்டார். அம்மா, அக்கா, அண்ணன்தான் அந்த வார்டோட நர்ஸுங்க. டிரிப்ஸை மட்டும் நம்பினப்போ சுமார் 30 சதவீதமா இருந்த சாவு, அவரோட கவனிப்புல 4 சதவீதத்துக்குள்ள வந்துச்சு. 1978ல லான்செட் பத்திரிகை, இது இந்த நூற்றாண்டோட மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இருக்கலாம்னு எழுதிச்சு. அவர் 2022ல காலமானார், 2023ல பத்ம விபூஷண் குடுத்தாங்க. நம்மள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்?

அடுத்து பிராக். வங்கதேசத்தோட இந்த அமைப்பு 1980ல இருந்து பத்து வருஷம், ஒவ்வொரு வீடா போய் அம்மாக்களுக்கு ஒரு பிடி வெல்லமும் மூணு விரல் கிள்ளின உப்பும் அரை சேர் தண்ணியும் கலக்கக் கத்துக் குடுத்துச்சு. 1 கோடி 20 லட்சம் வீடுகள். எனக்குப் பிடிச்ச விஷயம், கத்துக் குடுத்த பெண்களுக்குச் சம்பளமே அம்மாக்கள் எவ்வளவு ஞாபகம் வச்சிருக்காங்கங்கறதைப் பொறுத்துதான். சரியா ஞாபகம் இருந்தாலும் முதல்ல நிறைய பேர் பயன்படுத்தவே இல்ல. ஏன்னு தேடினா, கத்துக் குடுத்தவங்களுக்கே அதுமேல நம்பிக்கை இல்ல, ஆண்களுக்கு யாரும் சொல்லவே இல்ல. அதைச் சரி பண்ணின பிறகுதான் மாறிச்சு. டெப்ளாய்மென்ட் பத்தி நான் படிச்சதுல இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடையாது. ஆனா நீங்க இப்போ வீட்டுல உப்பையும் சர்க்கரையையும் கிள்ளிப் போட வேண்டாம். பாக்கெட் கிடைக்கற ஊர்ல இருக்கோம், அளவு தப்பும்.

நம்ம வீட்டுக்கு

இந்தியாவுல 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, வயித்துப்போக்கு வந்த குழந்தைகள்ல பத்துல ஆறு பேருக்குத்தான் ஓஆர்எஸ் கிடைச்சிருக்கு. ஜிங்க் பத்துல மூணு பேருக்குத்தான். ஜிங்க் மாத்திரையை நாம கண்டுக்கறதே இல்ல. ஆறு மாசத்துக்கு மேலன்னா தினம் 20 மில்லிகிராம், ரெண்டுல இருந்து ஆறு மாசம்னா 10; ஸ்பூன்ல தண்ணியிலயோ தாய்ப்பால்லயோ கரைச்சு, 10 முதல் 14 நாள். பேதி மூணாவது நாள் நின்னாலும் நிறுத்தக்கூடாது. அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு திரும்ப வர்ற வாய்ப்பையும் அது குறைக்குது.

சாப்பாட்டை நிறுத்தாதீங்க. இது நம்ம ஊர்ல ரொம்பப் பெரிய சண்டை. "வயித்துக்கு ரெஸ்ட் குடு, பால் நிறுத்து"ன்னு பெரியவங்க சொல்வாங்க. தாய்ப்பால் கண்டிப்பா தொடரணும், இன்னும் அடிக்கடி. பெரிய குழந்தைக்கு குழைய வச்ச சாதம், பருப்பு, தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம்னு கொஞ்சம் கொஞ்சமா. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் கூடக் குடுக்கலாம், ஆனா அது ஓஆர்எஸ்ஸுக்குப் பதில் இல்ல. இளநீர்ல சோடியம் கம்மி, அதனால அதுவும் பதில் இல்ல. வீட்டுல நல்லா இருக்கற குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனதுக்கும் ரெண்டு வயசுக்குக் கீழன்னா 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ், அதுக்கு மேலன்னா 100 முதல் 200. அதே ஸ்பூன் வேகத்துல.

பல்லு முளைக்கறதால பேதின்னு சொல்வாங்க; அதை நம்பித் தாமதிக்கறதுதான் ஆபத்து. தொக்கம் எடுக்கறது, வசம்பு உரசி நாக்குல வைக்கறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சண்டை போடாம சொல்றதுக்கு ஒரு வழி: "பாட்டி, நீங்க ஸ்பூன் வச்சு ஊட்டுங்க, நான் நேரத்தைப் பார்த்து எழுதறேன்." வேலை குடுத்தா பாட்டி கூட்டணிக்கு வந்துடுவாங்க, அதுவும் அவங்களுக்குப் பொறுமை நம்மள விட ஜாஸ்தி. தாய்ப்பால் மட்டும் குடிக்கற கைக்குழந்தை ஒரு நாளைக்குப் பல தடவை இளகலா போறது சாதாரணம், அதைப் பேதின்னு பயப்பட வேண்டாம். பேதியை நிறுத்தற மாத்திரையை, பெரியவங்களுக்குப் போடறதைக் குழந்தைக்குக் குடுக்கவே கூடாது. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவையில்ல, வைரஸ்தான் காரணம்னா அது எதுவும் செய்யாது. ரோட்டாவைரஸ் சொட்டு 6, 10, 14 வாரத்துல தர்றாங்க, இலவசம். 2016ல இந்தியாவுல ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுல 2017ல இருந்து. இந்தியத் தடுப்பூசியோட கடைசிக் கட்டப் பரிசோதனை நடந்த மூணு ஊர்ல வேலூரும் ஒண்ணு.

உடனே தூக்கிட்டுப் போக வேண்டியது எப்போன்னு சொல்லிடறேன். மலத்துல ரத்தம் இருந்தா. பச்சை நிற வாந்தின்னா, குடல் அடைப்பா இருக்கலாம். குழந்தை திடீர் திடீர்னு காலை வயித்தோட மடக்கிக் கத்தி, நடுவுல வெளிறி சோர்ந்து போனா, அதுவும் ரெண்டு வயசுக்குள்ளன்னா, குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிட்டிருக்கலாம், இது மணிக்கணக்கு விஷயம். ஆறு மணி நேரமா மூத்திரம் போகலன்னா. குடிக்க மாட்டேங்குதுன்னா. எல்லாத்தையும் கக்கிட்டே இருந்தா. வீட்டுல மூணு நாள் ஆகியும் குறையலன்னா. அமைதியா, மந்தமா, எழுப்பினாலும் எழல்லன்னா, மேல சொன்ன அந்த அழாத குழந்தைதான், அப்பவே கிளம்புங்க.

மெசேஜ் அனுப்பின அம்மாவுக்கு: 150 ஸ்பூனுக்கு அப்புறம் மறுபடி பார்க்கறப்போ நர்ஸ் என்ன சொன்னாங்க, எழுதி அனுப்புங்க. நடு ராத்திரி சந்தேகம்னா தமிழ்நாட்டுல 104க்கு ஃபோன் பண்ணிக் கேட்கலாம், வண்டி வேணும்னா 108. ஃபிரிட்ஜ் கதவுல ரெண்டையும் எழுதி ஒட்டிடுங்க, பக்கத்துலயே ரெண்டு பாக்கெட் ஓஆர்எஸ்ஸும் ஒரு 5 மில்லி ஸ்பூனும் இருக்கட்டும்.